சாவியை எடுத்தும் ஓடிய வண்டி

ரொட்டி மாஸ்டர் சாவியைத் திருகி, உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். கதவைச் சாத்தினார். மருந்துக்கடை வாசல்வரை நிமிர்ந்த நடையாகவே போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதுதான், முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"சார், வண்டி ஆன்ல இருக்கு," என்றார் கடைக்காரர்.

மாஸ்டர் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். கடைக்காரர் சாவியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடியும் சாவியைப் பார்த்தார்.

"அப்ப யாரு ஓட்டுறா?" என்றார்.

மாஸ்டர் திரும்பிப்போய்ச் சாவியை நுழைத்து, முன்னும் பின்னும் திருகினார். விளக்குகள் அணைந்தன, ரேடியோ அணைந்தது, எஞ்சின் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறவனைப் போலத் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கியர் போட்டு க்ளட்ச்சை விட்டு எஞ்சினை அடக்கிவிடலாம் என்றால், க்ளட்ச்சே இல்லாத வண்டி. எல்லாம் தானாக நடக்கும் என்பதற்காகவே அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் வாங்கிய வண்டி அது. கருநீல நிறம், படகு மாதிரி நீளம், தேக்குநிறப் பலகை பதித்த டாஷ்போர்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத தோல் இருக்கைகள். இரண்டு தெரு தள்ளியிருந்த ஜட்ஜம்மாவிடமிருந்து போன வருஷம்தான் வாங்கினார். ஜட்ஜ் காலமானபின் டிரைவரையும் நிறுத்திவிட்டதால் ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்த வண்டி.

மகளுக்குப் போன் போட்டார். மகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் அவளை டெப்போவில் எல்லாரும் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா.

"பாப்பா, வண்டி நிக்க மாட்டேங்குது."

"ஐயோ! பிரேக் பிடிக்கலயா? எங்கப்பா இருக்கீங்க? மோதிட்டீங்களா?"

"வண்டி நின்னுட்டுதான்மா இருக்கு. எஞ்சின்தான் நிக்கல."

"ஆஃப் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்."

"சாவிய எடுங்க."

"எடுத்துட்டேன். பையில இருக்கு."

"எந்தப் பையில?"

"என் பையிலதான்! வேற யாரு பையில இருக்கும்?"

பாப்பாவுக்கு அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்திருந்தது. சீருடையோடே வந்து சேர்ந்தாள். அதற்குள் மருந்துக்கடை வாசலில் ஒரு சிறு கூட்டம். ஆளுக்கொரு யோசனை. பெட்ரோல் தீரும்வரை விட்டுவிடலாம் என்றார் ஒருவர். இது டீசல் வண்டி, நேற்றுத்தான் டேங்க் நிரப்பினேன் என்று மாஸ்டர் பரிதாபமாகச் சொன்னார்.

பாப்பா பானெட்டைத் தூக்கினாள். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம், எண்ணெய் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பேருந்து ஓட்டுகிறவளுக்குத் தெரியும். எண்ணெய்ப் பம்பின் பக்கவாட்டில் தேடி, விரல் அளவுக்கு இருந்த ஒரு நெம்புகோலைக் கண்டுபிடித்து அமுக்கினாள். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது. மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

"இனிமே ஆஃப் பண்ணணும்னா இதத்தான் அமுக்கணும், தற்காலிகமா," என்று அப்பாவுக்குக் காட்டினாள். "நகருங்க, வீட்டுக்கு நான் ஓட்டறேன்."

வீடு வந்து சேர்வதற்குள் அவள் முகம் மாறியிருந்தது.

"அப்பா, பிரேக் இவ்வளவு கெட்டியாவா இருக்கும்? காலை ஊனி மிதிக்க வேண்டியிருக்கு. கதவுப் பூட்டும் ஒண்ணு போட்டா நாலும் விழணும்ல? ஒண்ணுதான் விழுது."

"வயசான வண்டிம்மா. எனக்கும்தான் முட்டி பிடிச்சுக்குது."

"விளையாடாதீங்க. இதோட நீங்க மலைக்குப் போகக் கூடாது."

புதன்கிழமை காலை மாஸ்டரும் அவர் மனைவியும் மலைமேல் ஏரிக்கரையில் ஒரு விடுதிக்குப் போவதாக இருந்தார்கள். கல்யாணம் ஆகி மாதங்கள் போய்விட்டன, இன்னும் சேர்ந்து ஓரிடமும் போனதில்லை. மனைவிக்கு மருத்துவமனையில் இப்போதுதான் லீவு கிடைத்திருந்தது.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சிறுநீரகப் பிரிவில் மூத்த நர்ஸ். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி உடம்புக்குள் அனுப்பும் இயந்திரங்களோடு காலம் தள்ளியவர். இரவு வேலை முடிந்து விடியற்காலை வீடு திரும்பும் வழியில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரொட்டியை வாங்க மாஸ்டரின் கடைக்கு முதல் ஆளாக வருவார். மாஸ்டர் முதல் மனைவியை இழந்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. சூடான ரொட்டியில் தொடங்கிய பேச்சு பதிவு அலுவலகத்தில் கையெழுத்தில் முடிந்தது. பழக்கதோஷம் மட்டும் போகவில்லை. அவர் இன்னும் மனைவியை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். மனைவி அவரை 'மாஸ்டர்' என்பார்.

"அப்பா, கட்டின பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடாதீங்க. கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று பாப்பா எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் பாப்பாவுக்கே அந்தக் கஷ்டம் இருந்தது. அந்த அம்மாளை என்னவென்று கூப்பிடுவது? அம்மா என்று வாய் வரவில்லை. ஆன்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தது. சித்தி என்று சொல்லப் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, நேரில் பார்த்ததும் விழுங்கிவிடுவாள். ஆகவே அவள் அவரைக் கூப்பிடுவதே இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவர் இருக்கும் அறைக்குள்ளேயே போய், அவர் முகத்துக்கு எதிரே நின்று, "நீங்க டீ குடிக்கிறீங்களா?" என்பாள். அவர்மேல் கோபமோ குறையோ இல்லை. பிடித்துத்தான் இருந்தது. நாக்குதான் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் மூவருமாக வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். மெக்கானிக் நல்ல வேலைக்காரர். பானெட்டுக்குள் ரொம்ப நேரம் தலையை விட்டிருந்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு. கம்ப்ளெயிண்ட் எஞ்சின்ல இல்ல," என்றார். "இந்தக் காலத்து வண்டின்னா எல்லாத்துக்கும் கரண்டு. இது அப்படி இல்ல. எஞ்சின் ஓடும்போது ஒரு பம்ப் காத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அந்த உறிஞ்சல் மெல்லிசு மெல்லிசா டியூப் வழியா வண்டி பூரா போகுது. பிரேக்குக்கு ஒத்தாசை பண்றது அது. கதவ பூட்டறது அது. சாவிய எடுத்தா எண்ணெய நிறுத்தறதும் அதுதான். எங்கயோ ஓட்டை விழுந்திருக்கு. உறிஞ்சல் அங்க வீணாப் போகுது, இங்க வந்து சேரல."

"எங்க ஓட்டை?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அதுதாம்மா தெரியல. டியூப் கார்ப்பெட்டுக்கு அடியில, சீட்டுக்கு அடியில, கதவுக்குள்ள எல்லாம் ஓடுது. பிரிச்சுப் பாக்கணும். கையில ரெண்டு வண்டி பாக்கி நிக்குது. அடுத்த வாரக் கடைசியில கொண்டாங்க, நிதானமா பாத்துடலாம்."

திரும்பி வரும்போது மாஸ்டர், ரயிலில் போனாலும் மலை மலைதானே என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே குரல் உப்பாமல் அமுங்கிப்போன மாவு மாதிரி இருந்தது. சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் பாப்பாவிடம் கேட்டார்.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? காலையில வர முடியுமா?"

"எதுக்கு?"

"எங்க வார்டுல ஒரு மெஷின் சத்தம் போட்டா, லைன் எங்கயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம். அதுக்காக மெஷின பிரிச்சுப் போட மாட்டோம். ஒவ்வொரு டியூபா க்ளாம்ப் போட்டு அடைப்போம். எத அடைச்சா சத்தம் நிக்குதோ, ஓட்டை அதுக்கு அந்தப் பக்கம் இருக்கு. இதுவும் டியூப்தானே? இதுவும் உறிஞ்சல்தானே?" அவர் கண்கள் பளபளத்தன. "அது எங்கன்னு தெரியாம நான் ஏரியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீ போட்டு வைங்க, வந்துடறேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுப் பின்புற முற்றத்தில், வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை தொடங்கியது. சிஸ்டர் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய க்ளாம்ப் கொண்டுவந்திருந்தார். வார்டில் கழித்துப் போட்டவை, கழுவிக் காயவைத்தவை. மாஸ்டருக்கு ஓட்டுநர் இருக்கையில் வேலை. சொல்லும்போது சாவியைப் போட வேண்டும், சொல்லும்போது எடுக்க வேண்டும்.

"இதுக்கு ஏன் ரொட்டி மாஸ்டர்? குரங்கு போதுமே," என்றார் அவர்.

"குரங்குக்கு லீவு கிடைக்கல," என்றார் சிஸ்டர்.

பாப்பா பானெட்டைத் திறந்து, பம்பிலிருந்து புறப்படும் டியூப்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பெரும்பாலும் பேனா ரீஃபில் பருமனில், கெட்டியான பிளாஸ்டிக். அதை நசுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு ரப்பர் இருந்தது. சிஸ்டர் ரப்பரை அழுத்திப் பார்த்து, நரம்பு தேடும் விரல்களோடு தலையாட்டினார். "போதும். இங்க க்ளாம்ப் நல்லா பிடிக்கும்."

எஞ்சின் ஓடத் தொடங்கியது. சிஸ்டர் அதன்மேல் குனிந்தார். கழுத்தில் சுற்றியிருந்த பூப்போட்ட ஸ்கார்ஃபின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. கீழே மின்விசிறியின் பெல்ட் சுழன்றுகொண்டிருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஸ்கார்ஃப் காற்றில் ஆடி, பெல்ட்டை நோக்கிப் போனது.

"சித்தி! ஸ்கார்ஃப்!"

கத்தியது தான்தானா என்று பாப்பாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தும்விட்டிருந்தாள். இருவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். சிஸ்டரின் ஸ்கார்ஃப் பத்திரமாக இருந்தது. எஞ்சின் மட்டும் கவலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஸ்கார்ஃபைக் கழற்றி உருட்டிப் பின்பக்கம் எறிந்தார். முகத்தை இங்குமங்கும் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினார்.

"அந்த நீல க்ளாம்ப எடு," என்றார்.

எடுங்க இல்லை. எடு. பாப்பா எடுத்துக் கொடுத்தாள். முன்கண்ணாடிக்கு உள்ளே மாஸ்டர், தூசே இல்லாத கண்ணாடியைக் கைக்குட்டையால் மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் பிரேக்குக்குப் போகும் குழாயை அடைத்தார்கள். மாஸ்டர் சாவியை எடுத்தார். எஞ்சின் ஓடியது. "பிரேக் பக்கம் ஓட்டை இல்ல. நல்ல சேதி," என்றாள் பாப்பா. சாவி மறுபடி உள்ளே போனது. அடுத்து, காருக்குள்ளே கதவுகளை நோக்கிப் போகும் மஞ்சள் டியூப். சிஸ்டர் க்ளாம்ப்பை இறுக்கினார். 'க்ளிக்' என்றது.

"மாஸ்டர், எடுங்க!"

மாஸ்டர் சாவியை உருவினார். எஞ்சின் ஒரு மூச்சு இழுத்து, டபக்கென்று நின்றது.

முற்றம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கோ ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. அடுத்த நொடி மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். மாஸ்டர் குதித்து இறங்கிவந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பாப்பாவின் கையைக் குலுக்கினார், பிறகு மறுபடி சிஸ்டரின் கையை.

"கதவு! கதவுலதான்!" என்றாள் பாப்பா. "நாலு கதவுல எதுன்னு பாக்கணும் சித்தி."

இந்த முறை அந்தச் சொல் வந்தது யார் கவனத்தையும் இழுக்கவில்லை, அவள் கவனத்தையும்கூட.

மஞ்சள் டியூபின் க்ளாம்ப்பைக் கழற்றிவிட்டு, பின்னிருக்கையைத் தூக்கி எடுத்தார்கள். அதன் கீழே டியூப் நாலாகப் பிரிந்தது. சிஸ்டர் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். முன் இடது. சாவி, க்ளிக், எடு. எஞ்சின் ஓடியது. முன் வலது. ஓடியது. பின் வலது. ஓடியது. மாஸ்டர் சாவியைப் போட்டுப் போட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டார்.

பின் இடது. க்ளிக்.

எஞ்சின் நின்றது.

"யாரு உக்கார்ற பக்கம் இது?" என்றார் சிஸ்டர்.

"ஜட்ஜ் உக்கார்ற பக்கம்," என்றார் மாஸ்டர். "எப்பவும் அந்த மூலையிலதான் பேப்பர விரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். தெருவுல போகும்போது பாத்திருக்கேன்."

பாப்பா அந்தக் கதவின் உள்பக்கத் தோல் பலகையின் திருகுகளைக் கழற்றினாள். பலகையை மெல்ல நெம்பினாள். அது கொஞ்சம் விலகியதும், உள்ளேயிருந்து தங்க நிறத்தில் ஏதோ ஒன்று நழுவி அவள் மடியில் விழுந்தது. இன்னொன்று. பிறகு கொத்தாக. பலகை முழுவதும் கழன்றபோது மடை திறந்த மாதிரி கொட்டியது.

சாக்லேட் தாள்கள்.

தங்கம், வெள்ளி, சிவப்பு, பச்சை. சின்னச் சின்னதாக நேர்த்தியாக மடிக்கப்பட்டவை. டாஃபி சுற்றிய மெழுகுத் தாள்கள், பெப்பர்மிண்ட் உறைகள், ஒரு பெரிய சாக்லேட் கட்டியின் நான்காக மடித்த அட்டை. கதவின் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப்பட்டு, வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்தன. அடியில் இருந்தவை மழை ஈரத்தில் ஊறி, கட்டியாகி, பூட்டின் கம்பியைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. பூட்டு ஏறி இறங்க முடியாமல் கம்பி கோணலாகித் தள்ளியிருக்கிறது. கம்பியின் முனையில் இருந்த ரப்பர் தகடு, விரல் அகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. அதன் வழியாகத்தான் வண்டியின் உறிஞ்சல் முழுக்க வீணாகப் போயிருந்தது.

மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஜட்ஜுக்குச் சர்க்கரை வியாதி இல்ல?" என்றார் சிஸ்டர் மெதுவாக.

"தெருவுக்கே தெரியும். ஜட்ஜம்மா எங்க கடையில அவருக்குன்னு உப்பு ரொட்டிதான் வாங்குவாங்க. ஒரு நாள் மறந்து பன் வெச்சுட்டேன், திருப்பி அனுப்பிட்டாங்க."

முதலில் சிரித்தது பாப்பாதான். பிறகு யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. கறுப்பு அங்கி போட்டு, ஊரையே நடுங்க வைத்த மனிதர், வண்டியின் மூலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் டாஃபி பிரித்துத் தின்றிருக்கிறார். சாட்சியங்களைக் கதவுக்குள் தள்ளி மறைத்திருக்கிறார்.

கிழிந்த ரப்பருக்கு மாற்று உடனே கிடைக்காது. பாப்பா அந்த ஒரு கதவின் டியூபை மட்டும் கழற்றி, அதன் வாயில் ஒரு சின்னத் திருகாணியைத் திருகி அடைத்தாள். அந்தக் கதவைக் கையால் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மற்றதெல்லாம் சரி. சாவியைப் போட்டு எடுத்துப் பார்த்தார்கள். எஞ்சின் நின்றது. மறுபடி பார்த்தார்கள். நின்றது. இன்னொரு தடவை, வெறும் சந்தோஷத்துக்காக. பிரேக்கும் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

தாள்களை ஒரு வாளியில் அள்ளினார்கள். வாளி நிறைந்து, மேலே குவிந்தது.

"இத என்ன பண்றது?" என்றார் மாஸ்டர். "குப்பையில போட்டுடலாமா? ஜட்ஜம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுமோ என்னவோ."

"காட்டணும்," என்றார் சிஸ்டர். "அவங்க புருஷன் அவங்க கிட்ட மறைச்சது. நாம மறைக்கக் கூடாது."

"நீங்க சொல்லுங்க, நான் பின்னால நிக்கறேன்," என்றார் மாஸ்டர்.

ஜட்ஜம்மா வெராந்தாவில் கூடைநாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. மருந்துக்கடைக் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வண்டி வாசலில் வந்து, சாவியை எடுத்ததும் சமர்த்தாக நிற்பதைப் பார்த்து, "பரவாயில்லையே, சொன்ன பேச்சு கேக்குது," என்றார். சிஸ்டர் வாளியை அவர் காலடியில் வைத்தார். எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

ஜட்ஜம்மா ஒரு தங்கத் தாளை எடுத்து விரித்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கிழவியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஐயோ, அழுகிறார் என்று மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார்.

அழவில்லை.

"டெஸ்ட் எடுக்கற லேப்பையே மாத்தினேன்!" என்றார் ஜட்ஜம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "ரெண்டு தடவ மாத்தினேன்! ரத்தத்துல சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்குன்னு ரிசல்ட் வரும். வீட்டுல நான் குடுக்கறது பாகற்காயும் உப்பு ரொட்டியும். பின்ன எங்கேர்ந்து ஏறும்? லேப்காரன் கணக்கு தெரியாதவன்னு அவனப் போய்ச் சண்டை போட்டேன். இவரும் என் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'ஆமா, சரியான விசாரணை வேணும்'னார்! ஜட்ஜு! விசாரணை!"

கண்ணீர் வழியச் சிரித்தார். நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாஸ்டர் தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார்.

"கோவம் வரலயா உங்களுக்கு?" என்று பாப்பா கேட்டாள்.

"கோவமா? அம்மா, அவர் போனப்புறம் எனக்கு ஒரே ஒரு வருத்தம். கடைசி வரைக்கும் ஒரு இனிப்பு தராம வாயக் கட்டிப் போட்டுட்டேனே, பாவி நான்னு நினைச்சு நினைச்சு மாஞ்சுபோவேன்." வாளியைக் காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். "இப்பப் பாரு. மனுஷன் ஒரு குறையும் இல்லாமத்தான் போயிருக்கார்."

சிஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மலைக்குப் போறதுக்கு முன்னால ஏத்தத்துல ஓட்டிப் பாக்கணும்," என்றாள் பாப்பா. "நீங்களும் வரீங்களாம்மா?"

ஜட்ஜம்மா குறுக்கெழுத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். பின்னிருக்கையில், கணவர் உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தார். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறும் செங்குத்தான பாதையில் பாப்பா வண்டியை ஏற்றினாள், பாதி வழியில் நிறுத்தினாள், இறக்கத்தில் விட்டுப் பிரேக் பிடித்தாள். எதுவும் எள்முனை அளவும் பிசகவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையைப் பார்த்ததும் ஜட்ஜம்மா, "நிறுத்து, நிறுத்து," என்றார். தானே இறங்கிப்போய் ஒரு பை நிறைய டாஃபி வாங்கிவந்து, எல்லாருக்கும் பங்கு வைத்தார்.

"உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்றார் சிஸ்டர், வேலைப் பழக்கத்தில்.

"இல்ல. இருந்தாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்," என்று வாயில் இரண்டைப் போட்டுக்கொண்டார் ஜட்ஜம்மா.

புதன்கிழமை காலை மாஸ்டரும் சிஸ்டரும் மலைக்குப் புறப்பட்டார்கள். பாப்பா வழியனுப்ப வந்து, எண்ணெய், தண்ணீர், டயர் எல்லாம் பார்த்தாள். "இறக்கத்துல பிரேக்கையே நம்பாதீங்க, கியரக் குறைச்சுக்கோங்க," என்று அப்பாவிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "சித்தி, அவரத் தூங்க விடாதீங்க," என்றாள்.

"தூங்கினா தட்டி எழுப்பறேன். நீ வேளைக்குச் சாப்பிடு," என்றார் அவர்.

அவர்கள் அங்கே தங்கிய நாட்களில் ஒரு போன்கூட வரவில்லை. பாப்பாவுக்கு முதலில் கவலையாக இருந்தது, பிறகு சிரிப்பாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் மாலை. பேருந்து நிறைய ஆட்கள். பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்து, பாப்பா வண்டியை நிறுத்தினாள். பக்கத்துத் தடத்தில் கருநீலமாக, நீளமாக ஏதோ வந்து நின்றது. மேலிருந்து குனிந்து பார்த்தாள். அப்பாவின் வண்டி. பின்னிருக்கையில் அப்பா, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, காலை நீட்டி, உலகத்துக்கே அதிபதி மாதிரி சாய்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில் சிஸ்டர். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, நாக்கின் நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, சிவப்பு விளக்கைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா ஜன்னலைத் திறந்தாள். "அப்பா! என்ன இது?"

"லைசன்ஸ் எப்பவோ வாங்கி பீரோவுல போட்டு வெச்சிருந்தாங்களாம்!" என்று மாஸ்டர் கீழிருந்து கத்தினார். "ஏரியச் சுத்தி ரோடு காலியா கிடந்துச்சு, ஓட்டிப் பாருங்கன்னேன். அதுக்கப்புறம் சாவி என் கைக்கு வரவே இல்ல!"

"பேசாதீங்க, கவனம் போகுது," என்றார் சிஸ்டர். தலையைத் திருப்பாமலே பாப்பாவுக்கு ஒரு விரலை மட்டும் உயர்த்தி, பார்த்துவிட்டதாகக் காட்டினார்.

பேருந்துக்குள் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாரும்மா அவங்க, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"எங்கப்பாவும் சித்தியும்," என்றாள் பாப்பா.

பச்சை விழுந்தது. நீல வண்டி ஒரு சின்னத் தயக்கத்துக்குப் பிறகு, எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து போனது. பாப்பா பெரிய ஹாரனை ஒரு முறை நீளமாக அடித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தை நோக்கிப் பேருந்தை எடுத்தாள்.